குளுவாங்கில் புல்லுக்கு விலை ஏறும் மாதங்கள்

ஜொகூர் மாநிலத்தின் நடுவே இருக்கும் குளுவாங் மாவட்டத்தில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்கிற மண் இது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி டிசம்பரில் உச்சத்துக்குப் போகும். ஜனவரி பாதிக்குப் பிறகு மழை ஓயும்; பிப்ரவரியில் வானம் வெளுத்துக் கிடக்கும். பிறகு ஜூன் முதல் ஆகஸ்டு வரை, தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், இன்னொரு சுற்று வெயில். இந்த இரண்டு இடைவெளிகள்தாம் இங்கே வறட்சிக் காலம். அதையும் நம்பி எதையும் திட்டமிட முடியாது. 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தீபகற்ப மலேசியா முழுவதும் மழைக்கு ஏங்கியது. 2023இல் அதே மார்ச் மாதத்தில் ஜொகூர் வெள்ளத்தில் மிதந்தது. குளுவாங், பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களில் மக்கள் துயர்துடைப்பு மையங்களில் தங்க வேண்டியதாயிற்று.

மனிதருக்கு மூன்று வாரம் மழை இல்லையென்றால் புழுக்கம், அவ்வளவுதான். மாடு வைத்திருப்பவருக்கு அது செலவுக் கணக்கு. குளுவாங் மேட்டு நிலத்தின் மண் பெரும்பாலும் கருங்கல் சிதைந்து உண்டானது. மண்ணியல் நூல்களில் இந்த வகை மண்ணுக்கு ரெங்கம் தொடர் என்றே பெயர். இம்மாவட்டத்து ரெங்கம் ஊரின் பெயர்தான் அது. தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும் இந்த மண் ரப்பருக்கும் செம்பனைக்கும் நல்லது. ஆனால் மழை நின்றால் மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். அந்த மேல்மண்ணில்தான் புல்லின் வேர்களில் பெரும்பகுதி இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் தீவனம் வாங்குவோர் பல தரத்தினர். கறவை மாடு வைத்திருக்கும் சிறு பண்ணையாளர்களில் தமிழர்கள் கணிசம். ரப்பர்த் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு மூன்று மாடு கட்டி வளர்த்த குடும்பங்களின் வழி வந்த தொழில் இது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழித்தோன்றல்களைக் கால்நடைத் துறையினர் உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்று தனி வகையாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் இருந்தவரை புல்லுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. பால்மரத்தடியில் மாடு மேய்ந்தது. வாய்க்கால் ஓரத்தில் அரிவாளால் அறுத்த புல்லுக்கட்டு சைக்கிளில் வந்து சேர்ந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் கைமாறியதும், குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்ததும் அந்த இலவசப் புல்லுக்கு முடிவு கட்டின. இளம் செம்பனங்கன்றை மாடு கடித்துவிடும் என்பதால் தோட்ட நிர்வாகங்களும் முன்போல் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. புல்லுக்கு விலை என்ற ஒன்று பிறந்தது அந்தப் பெயர்ச்சியில்தான்.

இவர்களைத் தவிர, ஆட்டுப் பண்ணையாளர்கள், ஹஜ்ஜுப் பெருநாளுக்காகக் காளைகளைக் கொட்டிலில் கட்டிக் கொழுக்க வைப்பவர்கள், செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே மின்வேலி போட்டு மாட்டுக் கூட்டத்தை மேய்ப்பவர்கள் என்று பலர் உண்டு. கால்நடைப் பணியாளர்களுக்கும் பண்ணையாளர்களுக்கும் பயிற்சி தரும் மலேசியக் கால்நடைக் கழகம் குளுவாங்கில்தான் இருக்கிறது. மார்டி எனப்படும் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கால்நடை ஆய்வு நிலையமும் இங்கே உண்டு. தீவனப்புல்லைப் பற்றிய அறிவுக்கு ஊரில் பஞ்சமில்லை. பஞ்சம் காய்ந்த புல்லுக்குத்தான்.

அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அறுத்த நேப்பியர்ப் புல்லில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர். அடுக்கி வைத்தால் கெடாத உலர்புல்லாக வேண்டுமானால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். ஒரு டன் பசும்புல்லைக் காயவைத்தால் மிஞ்சுவது சுமார் 235 கிலோ. மீதி 765 கிலோ தண்ணீர் வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் உலர்காற்றில் அது சில நாள் வேலை. குளுவாங்கில் காலையில் பரப்பிய புல் மதியம் வரை நன்றாகக் காயும். நான்கு மணிக்கு இடி இடிக்கும். மழை தப்பினாலும் இரவின் ஈரக்காற்று, பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். நேப்பியரின் தண்டு கட்டைவிரல் தடிமன். இலை மொறுமொறுவென்று ஆன பிறகும் தண்டுக்குள் சாறு இருக்கும். அதை அப்படியே கட்டி அடுக்கினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், புல் சூடேறும், மோசமான நிலையில் போர் தானாகவே தீப்பற்றும்.

அனுபவப்பட்டவர்கள் ஈரம் அளக்கக் கருவியைத் தேடுவதில்லை. ஒரு பிடி புல்லை எடுத்துக் கயிறு திரிப்பதுபோல் முறுக்குவார்கள். முறுக்கிய இடத்தில் தண்டு முறிந்து, நகத்தால் சுரண்டினால் தோல் உரியாமல் இருந்தால் கட்டலாம். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். அடுக்கிய பிறகு ஓர் இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகிக் கால்மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பது இன்னொரு சோதனை. கை பொறுக்காத சூடு இருந்தால் போரைப் பிரித்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஆக, புல் மண்டிக் கிடக்கும் மாதங்களில் அதைக் காயவைக்க வெயில் இல்லை. வெயில் கிடைக்கும் மாதங்களில் காயவைக்கப் புல் இல்லை. குளுவாங்கின் தீவனச் சந்தை முழுவதும் இந்த முரணைச் சுற்றியே ஓடுகிறது. வறட்சியில் இங்கே ஏறுகிற விலை உள்ளூர் உலர்புல்லின் விலை அல்ல. அறுப்புக் கூலி, லோரி வாடகை, செம்பனை ஆலைக் கழிவு, வெளிநாட்டு நாணயம் ஆகியவற்றின் விலை அது.

வாங்கவும் விற்கவும் முதலில் கிடைப்பது பசும்புல். நேப்பியர், அதன் கலப்பினங்கள், தாய்லாந்தின் பாக்சோங் வட்டாரத்தில் உருவாகி இப்பகுதியெங்கும் பரவிய பாக்சோங் ரகம் ஆகியவைதாம் வெட்டி விற்கும் புற்கள். வேலியோரத்திலும் தோட்டத்து விளிம்பிலும் கினிப் புல் தானாக வளரும். நேப்பியரை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். ஆறு வாரத்தில் அறுத்தால் இலை அதிகம், புரதம் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும். தள்ளிப்போட்டால் எடை கூடும், தரம் இறங்கும். எடைக்கு விற்பவர் தள்ளிப்போடவும், பால் கறப்பவர் முன்னதாக வாங்கவும் விரும்புவது இயல்புதான். மழைக்காலத்தில் இந்த இழுபறியில் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும். வறட்சியில் விற்பவர் கை ஓங்கும்.

400 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் தேவை. தண்ணீரை நீக்கிவிட்டுக் கணக்கிடும் எடைக்குத்தான் உலர்பொருள் என்று பெயர். பசும்புல்லாகக் கொடுத்தால் அது 50, 60 கிலோ. பத்து மாடு வைத்திருப்பவர் தினமும் அரை டன்னுக்கு மேல் புல்லை அறுத்து, ஏற்றி, இறக்கி, நறுக்கியாக வேண்டும். மழை நின்ற முதல் பத்து நாளில் இதில் பெரிய மாற்றம் தெரியாது. நேப்பியர் வேர் ஆழமாகப் போகும், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் இலை சுருளத் தொடங்கும். அறுத்த கட்டை துளிர்க்க நாளாகும். அப்போது அறுப்பவர் முன்பு ஒரு வயலில் எடுத்த சுமையை இரண்டு மூன்று இடங்களில் தேடி எடுக்க வேண்டும். புல்லின் விலை என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இப்படி அலையும் ஆளின் கூலியும் டீசலும்தான். அதனால்தான் மழை குறைந்த அளவைவிட விலை வேகமாக ஏறுகிறது.

கிலோ விலையை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறும் இடமும் இதுவே. எடுத்துக்காட்டாக, பசும்புல் கிலோ 20 சென், பதப்படுத்திய ஊறுகாய்ப் புல் 40 சென், கப்பலில் வந்த உலர்புல் ஒரு ரிங்கிட் 20 சென் என்று வைத்துக்கொள்ளலாம். பார்வைக்குப் பசும்புல் ஆறில் ஒரு பங்கு விலை. ஆனால் அதில் உலர்பொருள் 20 விழுக்காடுதான். ஒரு கிலோ உலர்பொருளுக்கு ஒரு ரிங்கிட் ஆகிறது. 30 விழுக்காடு உலர்பொருள் உள்ள ஊறுகாய்ப் புல்லில் அது ஒரு ரிங்கிட் 33 சென். 85 விழுக்காடு உள்ள உலர்புல்லில் ஒரு ரிங்கிட் 41 சென். ஆறு மடங்காகத் தெரிந்த வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. வறட்சியில் பசும்புல் 30 சென்னைத் தொட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒரே விலைதான். வாடிய புல்லில் தண்ணீர் குறைவு என்பதால் அது லாபம் என்று வாதிடுவோரும் உண்டு. எடைக்கு அது சரி. ஆனால் வாடிய நேப்பியரில் மிஞ்சுவது தண்டு. மாடு அதை ஒதுக்கித் தள்ளும். தொட்டியில் மிச்சம் கிடப்பதையும் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஊறுகாய்ப் புல் என்பது சைலேஜ். வெயில் இல்லாத நாட்டில் புல்லைச் சேமிக்க இருக்கும் நேர்வழி இதுதான். உலர்புல்லுக்காக ஏங்குவதைவிட இதில் கவனம் செலுத்துவதே குளுவாங்குக்குப் பொருத்தம். புல்லை ஒரு நாள் லேசாக வாடவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, நீல நிற பிளாஸ்டிக் பீப்பாயிலோ தடித்த பையிலோ அடுக்கடுக்காகப் போட்டு மிதிக்க வேண்டும். காற்று உள்ளே தங்கக் கூடாது. தங்கினால் எல்லாம் வீண். மூடி இறுக்கி மூன்று வாரம் விட்டால் புல் புளித்துப் பக்குவமாகும். திறக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை நிறமும் பழக்காடி போன்ற புளிப்பு வாடையும் இருந்தால் நல்ல சரக்கு. புகையிலை வாடையோடு பழுப்பேறியிருந்தால் உள்ளே சூடேறி, புரதம் வீணாகியிருக்கிறது. கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் எருக்குழிக்குத்தான். திறந்த பீப்பாயை இந்த ஊர் வெக்கையில் நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. பிறகு வெண்பூஞ்சை ஏறிவிடும். சோளக்கதிர் பால் பிடித்த பருவத்தில் செடியோடு நறுக்கிச் செய்யும் மக்காச்சோளச் சைலேஜ் இதைவிடச் சத்து மிகுந்தது, விலையும் கூடுதல்.

வைக்கோல் இருக்கிறதே என்று தோன்றலாம். மலேசியாவின் நெற்களஞ்சியம் வடக்கே கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் இருக்கிறது. அங்கே அறுவடைக்குப் பின் வைக்கோலில் பெரும்பகுதி வயலிலேயே எரிக்கப்பட்டோ உழப்பட்டோ போகிறது. உருளையாகக் கட்டி எடுப்பது கொஞ்சம்தான். அங்கிருந்து குளுவாங் அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர். வைக்கோல் எடை குறைந்த, இடத்தை அடைக்கும் சரக்கு; லோரி நிறைந்துவிடும், எடை நிறையாது. அதில் புரதமும் நான்கு விழுக்காட்டைத் தாண்டாது. வந்து இறங்கும் விலையில் பெரும்பங்கு சாலைக்குப் போய்விடுகிறது. பக்கத்து மெர்சிங் மாவட்டத்தின் எண்டாவ் பகுதியில் நெல் விளைகிறது. ஆனால் ஒரு மாவட்டத்து மாட்டுக்குத் தீனி போடும் அளவு அது அல்ல.

கடல் கடந்து வரும் அசல் உலர்புல்லுக்குத் தனிச் சந்தை. ஆஸ்திரேலியாவின் ஓட்ஸ் புல், அமெரிக்காவின் குதிரைமசால், திமோத்தி ஆகியவை இயந்திரத்தால் அழுத்திக் கட்டப்பட்டுக் கொள்கலனில் வருகின்றன. இறக்குமதி அனுமதியும் தாவரநலச் சான்றிதழும் வேண்டும். குதிரைக் கொட்டில்களும் பெரிய பால் பண்ணைகளும் வாங்கும் சரக்கு இது. பட்டணத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் முயலுக்காகச் சிறு பொட்டலத்தில் விற்கும் திமோத்தியைக் கிலோக் கணக்கில் பார்த்தால், நாலு மாடு வைத்திருப்பவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். இதன் விலைக்கும் குளுவாங்கின் வெயிலுக்கும் தொடர்பில்லை. ஆஸ்திரேலியாவில் மழை பொய்த்ததா, கப்பல் கட்டணம் ஏறியதா, ரிங்கிட் இறங்கியதா என்பவைதாம் அதைத் தீர்மானிக்கின்றன.

உள்ளூரில் புல் குறையும்போது உண்மையில் கைகொடுப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. பண்ணையாளர்கள் பி.கே.சி. என்றே சொல்வார்கள். பழுப்பு நிறத்தில் ரம்பத்தூள் போலச் சரசரவென்று இருக்கும். உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தால் ஓட்டுத் துணுக்குகள் குத்தும். துணுக்கு அதிகம் குத்தினால் மட்டச் சரக்கு என்று பொருள். புரதம் 14 முதல் 16 விழுக்காடு, நார்ச்சத்தும் உண்டு என்பதால் பாதிப் புல்லாகவும் பாதித் தானியமாகவும் இது வேலை செய்கிறது. கொழுக்க வைக்கும் காளைகளுக்குத் தீவனத்தின் பெரும்பகுதியாகவே இதைக் கொடுக்கிறார்கள்.

இந்தப் புண்ணாக்கின் கதையில் குளுவாங்குக்கு ஒரு தனி இடம் உண்டு. செம்பனையின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே அதன் மகரந்தத்தைச் சுமக்கும் கூன்வண்டு மலாயாவுக்கு வரவில்லை. பல ஆண்டுகள் தோட்டங்களில் ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து கண்டறிந்த அந்தச் சிறு வண்டு, சோதனைகளுக்குப் பிறகு 1981 பிப்ரவரியில் குளுவாங் பாமோல் தோட்டத்தில் முதன்முதலாக விடப்பட்டது. குலையில் காய் பிடிப்பது கூடியது. காய்க்குள் பருப்பின் பங்கும் நன்றாக உயர்ந்தது. பருப்பு கூடியதால் புண்ணாக்கும் கூடியது. ஒரு டன் பழக்குலையில் சுமார் 50 கிலோ பருப்பு. அதில் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் புண்ணாக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். குளுவாங் மாட்டுத் தொட்டியில் இன்று கிடப்பதில் அந்த வண்டின் உழைப்பும் இருக்கிறது.

ஆனால் விளைவது பக்கத்தில் என்பதால் விலை மலிவு என்று எண்ணிவிட முடியாது. பழக்குலையைப் பிழியும் ஆலை தோட்டத்தை ஒட்டியே இருக்கும். பருப்பை ஆட்டும் ஆலைகளோ பாசிர் கூடாங் போன்ற துறைமுகப் பட்டணங்களில் இருக்கின்றன. ஊர்ப் பருப்பு நூறு கிலோமீட்டர் தெற்கே போய்ப் புண்ணாக்காகத் திரும்ப வேண்டும். துறைமுகத்தில் அதற்குப் போட்டி காத்திருக்கிறது. மலேசியா ஆண்டுதோறும் உற்பத்தி செய்யும் 20 லட்சம் டன்னுக்கு மேலான புண்ணாக்கில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. நியூசிலாந்தின் பால் பண்ணைகள் இதன் பெரிய வாடிக்கையாளர்கள். அங்கே கோடை வறண்டு மேய்ச்சல் தீய்ந்தால் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வாங்குவார்கள். 2015இல் அந்நாட்டின் பால் நிறுவனமான ஃபொன்டெரா, மாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோவுக்கு மேல் இதைக் கொடுக்க வேண்டாம் என்று தன் பண்ணையாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டிவந்தது. அவ்வளவு பரவலாகப் புழங்கியிருக்கிறது. நியூசிலாந்தின் கோடை ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குளுவாங்கில் புல் குறையும் அதே வாரங்களில், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாடும் அதே மூட்டைக்குக் கழுத்தை நீட்டுகிறது.

வறட்சியின் இரண்டாவது அடி இன்னும் தாமதமாக விழுகிறது. செம்பனை தண்ணீர் இல்லாமல் தவித்தால் அதன் விளைவு அந்த மாதமே குலையில் தெரியாது. ஆறு மாதம் முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டு வரை கழித்து விளைச்சல் விழும். 2015இல் எல் நினோ வலுத்தபோது ஜொகூரில் சுங்கை லாயாங், சுங்கை லெபாம் அணைகள் வற்றி ஆகஸ்டில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. அந்த ஆண்டு மலேசியாவின் கச்சாப் பாமாயில் உற்பத்தி ஏறத்தாழ 2 கோடி டன். அடுத்த ஆண்டு 2016இல், அது 1 கோடியே 73 லட்சம் டன்னாக இறங்கியது. எண்ணெய் குறைந்தால் பருப்பும் குறைவு, புண்ணாக்கும் குறைவு. மழை திரும்பி, புல் தலைநீட்டி, எல்லாம் சரியாகிவிட்டது என்று மாட்டுக்காரர் மூச்சு விடும்போது மூட்டை விலை ஏறத் தொடங்கும். இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காததால்தான் பலர் விலையேற்றத்துக்கு வியாபாரியை மட்டும் குற்றம் சொல்கிறார்கள்.

கையில் காசு குறைந்தவர்கள் வேறு பண்டங்களைத் தேடுகிறார்கள். தௌபூ செய்யும் பட்டறைகளில் மிஞ்சும் சோயாச் சக்கை ஆட்டுக்காரர்களுக்குப் பழக்கமானது. புரதம் நல்ல அளவில் இருக்கும். தண்ணீரும் அதே அளவுக்கு இருக்கும் என்பதால் மறுநாளே புளித்துவிடும். சிம்பாங் ரெங்கம் பக்கம் அன்னாசி விளையும் வட்டாரம். பதப்படுத்தும் ஆலைகளின் தோலும் சக்கையும் மாட்டுக்குப் போகின்றன. இவற்றுக்கு எழுதப்பட்ட விலை இல்லை. மழைக்காலத்தில் எடுத்துப் போனால் போதும் என்று கொடுக்கப்படும் சரக்குக்கு, வறட்சியில் பீப்பாய்க் கணக்கில் காசு கேட்கப்படும். வழக்கமாக எடுப்பவருக்கு முதலிடம்.

மாவட்டம் முழுவதும் தரையில் கிடக்கும் ஒரு தீவனம் செம்பனை மட்டை. ஒரு மரம் ஆண்டுக்கு இருபதுக்கு மேல் மட்டை விடும். குலை வெட்டும்போது மட்டையும் வெட்டப்படும். வறட்சியிலும் அது பச்சையாகத்தான் இருக்கும். மார்டி ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை நறுக்கிச் சைலேஜாக்கிப் பார்த்து, வைக்கோலுக்கு இணையான தீனி என்று காட்டியிருக்கிறது. ஆனாலும் சிறு பண்ணையில் இது பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை. மட்டையை நறுக்கப் பலமான இயந்திரம் வேண்டும். தோட்டத்துக்குள்ளிருந்து இழுத்து வர ஆள் வேண்டும். தோட்டக்காரருக்கோ மட்டை தரையிலேயே மக்கினால் உரச்செலவு மிச்சம். இலவசமாகக் கிடக்கும் பொருள் கொட்டகைக்கு வந்து சேரும்போது இலவசமாக இருப்பதில்லை.

வறட்சிக் காலத்து மாற்றுத் தீவனங்கள் சில ஆபத்தோடு வருகின்றன. செம்பனைப் புண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். மாட்டுக்கு அது பொறுக்கும். செம்மறி ஆட்டுக்கு ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று மஞ்சள் காமாலை கண்டு ஆடு செத்துவிழும். மாட்டுக்குக் கொடுக்கும் அளவைப் பார்த்துச் செம்மறிக்கும் கொடுப்பது பெருந்தவறு. வறட்சியிலும் பச்சையாக நிற்கும் சிக்னல் புல்லும் செம்மறிக்கு ஆகாது. ஈரல் கெட்டு, வெயில் பட்ட முகமும் காதும் வீங்கிப் புண்ணாகும்.

கேட்பாரின் நாட்காட்டியும் விலையைத் தள்ளுகிறது. தைப்பூசம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். பால்குடத்துக்குப் பசும்பால் கேட்டு வீடு தேடி வருவார்கள். ஆண்டிலேயே பாலுக்கு அதிகக் கிராக்கி உள்ள நாள்களில் அதுவும் ஒன்று. மழை ஓய்ந்து புல் குறையத் தொடங்கும் நேரமும் அதுவே. அந்த ஒரு வாரத்துப் பாலுக்காக ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே மாட்டைத் தேற்ற வேண்டும் என்பதால், விலை என்னவானாலும் தீவனம் வாங்குவார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் இஸ்லாமிய நாட்காட்டிப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ பதினோரு நாள் முன்னே நகர்கிறது. அது ஜூன், ஜூலை வெயிலில் வந்த ஆண்டுகளில் காளை கொழுக்க வைப்போரும் கறவைக்காரரும் ஒரே புல்லுக்குப் போட்டியிட்டார்கள். பெருநாள் முடிந்த மறுவாரமே கொட்டில்கள் காலியாகிவிடும்; தீவனத்துக்கு இருந்த நெருக்கடியும் தளரும்.

முழுமையான காய்ந்த தீவனச் சந்தையைப் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குத்தான் போக வேண்டும். தஞ்சை, திருவாரூர் வயல்களில் சம்பா அறுவடைக்குப் பின் ஜனவரி, பிப்ரவரியில் வைக்கோலை இயந்திரம் சுருட்டிக் கட்டும். லோரிகள் மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கிளம்பும். கோடை ஏறஏற விலை ஏறும். ஆற்றுப்படுகையிலிருந்து தூரம் கூடக்கூட இன்னும் ஏறும். காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் நின்ற இடத்திலேயே காய்ந்து, மாட்டுக்கு மேய்ச்சலாகிவிடும். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தபோது இந்தச் சந்தை நிலைகுலைந்தது. 2017 ஜனவரி 10ஆம் நாள் தமிழ்நாட்டின் அப்போதைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அரசு உலர்தீவனக் கிடங்குகளைத் திறந்து, கிலோ இரண்டு ரூபாய்க்கு, மாட்டுக்கு நாளுக்கு மூன்று கிலோ வீதம், ஒருவருக்கு ஐந்து மாடு வரை வைக்கோல் கொடுத்தது. மூன்று கிலோ வயிற்றை நிரப்பாது, உயிரைப் பிடித்து வைக்கும். அங்கே அரசு தலையிட முடிந்ததற்குக் காரணம், வாங்கி அடுக்கிவைக்க ஒரு பண்டம் இருந்தது. குளுவாங்கில் அடுக்கிவைக்க எதுவும் இல்லாததால், வறட்சி வந்த பிறகு செய்யக்கூடிய உதவி குறைவு. இங்கே தயாராக வேண்டிய மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். புல் இடுப்பளவு நிற்கும்போதே பீப்பாயை நிரப்பியவர்தான் பிப்ரவரியில் விலை கேட்காமல் இருக்க முடியும்.

நிரப்பாதவர்களுக்கு இருக்கும் கடைசி வழி, தலையைக் குறைப்பது. பால் வற்றிய மாட்டையும் கிடாரியையும் விற்பார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வருவதால் மாட்டு விலை இறங்கும். தீவனம் ஏற, மாடு இறங்க, நடுவில் நசுங்குபவர் சிறு பண்ணையாளர். இரண்டு மூன்று பாத்தியாகப் பிரித்து இரண்டு வார இடைவெளியில் அறுப்பவர்களும், கொட்டகைக் கழுவுநீரைப் புல் பாத்திக்குத் திருப்பிவிடுபவர்களும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறார்கள். சாணம் கலந்த அந்தத் தண்ணீரில் நேப்பியர் வெயிலிலும் துளிர்க்கும்.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பருவங்களுக்கு இடைப்பட்ட மாலை இடிமழை தொடங்கும். முதல் மழைக்குப் பத்து நாளில் புல் கரும்பச்சையாகக் கிளம்பும். அதை உடனே அறுத்துப் போடுவது சரியல்ல. வறட்சியில் மண்ணில் தங்கிய தழைச்சத்தை எல்லாம் வேர் ஒரேயடியாக உறிஞ்சுவதால் இளந்தளிரில் நைட்ரேட் ஏறியிருக்கும்; பசித்த மாடு வயிறு முட்டத் தின்றால் மூச்சுத் திணறிச் சாகவும் கூடும். இரண்டு மூன்று வாரம் விட்டு, தண்டில் கீழ்ப்பகுதியைத் தள்ளி உயரமாக அறுத்து, பழைய தீவனத்தோடு கலந்து கொடுக்கச் சொல்வார்கள் கால்நடை அலுவலர்கள். மே மாதத்துக்குள் அறுத்த புல்லின் விலை பழைய இடத்துக்கு வந்துவிடும். புண்ணாக்கு மூட்டையின் விலை வர இன்னும் ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.